செட்டாப் பாக்ஸில் நம் வீடியோ: எதை மாற்றுவது, எதைத் தொடாமல் விடுவது

பதிவு வசதியுள்ள செட்டாப் பாக்ஸ்களில் ஒரு யுஎஸ்பி துளை உண்டு. ஓடிக்கொண்டிருக்கும் நிகழ்ச்சியைப் பென் டிரைவிலோ ஹார்ட் டிஸ்க்கிலோ பதிந்து வைத்துப் பிறகு பார்ப்பதற்கானது அது. பதிந்ததைக் காட்டும் பெட்டி, நாம் கொண்டுபோய்ச் செருகும் கல்யாண வீடியோவையும் காட்டும் என்று எதிர்பார்ப்பது இயல்பு. ஆனால் ஒரு கோப்பு நன்றாக ஓடும். அடுத்ததில் படம் வரும், சத்தம் வராது. இன்னொன்று பட்டியலிலேயே தென்படாது. கடையில் கேட்டால் 'கன்வர்ட் பண்ணிப் போடுங்க' என்பார்கள். எதிலிருந்து எதற்கு என்று கேட்டால் பதில் வராது. கடைசியில் அகப்பட்ட கன்வர்ட்டர் ஒன்றில் கோப்பைப் போட்டு, ராத்திரி முழுக்கக் கணினியை ஓடவிட்டு, காலையில் பார்த்தால் முகமெல்லாம் கட்டம் கட்டமாகத் தெரியும் ஒரு படம் மிஞ்சும்.

இந்த நஷ்டத்தில் பெரும்பகுதி தேவையில்லாதது. பெட்டி ஒரு கோப்பை மறுக்கும்போது, பல நேரம் அதன் ஒலியோ, வெளி உறையோ, பென் டிரைவின் அமைப்போதான் காரணமாக இருக்கும். அதைக் கண்டறியாமல் படத்தையே உருக்கி வார்த்தால், போன நுணுக்கம் திரும்பி வராது. எது மறுக்கப்படுகிறதோ அதை மட்டும் மாற்ற வேண்டும். அதைச் செய்ய, பெட்டி எதற்காகப் பிறந்தது என்று முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

1999இல் அமெரிக்காவில் டிவோ என்ற பதிவுப் பெட்டி விற்பனைக்கு வந்தபோது டிவி ஒளிபரப்பு அங்கே பெரும்பாலும் அனலாக். உள்ளே வரும் சிக்னலை எம்பெக்-2 ஆகச் சுருக்கி வட்டில் எழுதும் சிப் ஒன்று அந்தப் பெட்டிக்குள்ளேயே இருந்தது. டிஜிட்டல் ஒளிபரப்பு வந்த பிறகு அந்த வேலைக்கு அவசியமில்லாமல் போயிற்று. நிலையமே சுருக்கி அனுப்புகிறது; பெட்டி அதை அப்படியே எடுத்து வட்டில் எழுதிவிடுகிறது. தென்கொரியாவின் டாப்ஃபீல்டு நிறுவனம் இங்கிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் விற்ற ரெக்கார்டர்கள் இப்படிப்பட்டவை. பதிவுக்கும் நேரடி ஒளிபரப்புக்கும் தரத்தில் துளி வித்தியாசம் இல்லாதது இதனால்தான். பெட்டியின் படிப்பறிவு குறுகிப்போனதும் இதனால்தான். ஒளிபரப்பில் வருவதைப் படிக்கத் தெரிந்தால் போதும் என்றுதான் அதன் சிப் வடிவமைக்கப்பட்டது.

டாப்ஃபீல்டு பெட்டியில் கணினியோடு இணைக்க யுஎஸ்பி வழி இருந்தது. அதை வைத்திருந்தவர்கள் முதலில் பதிவுகளைக் கணினிக்கு இறக்கினார்கள். ஜாவாவில் எழுதப்பட்ட புராஜெக்ட்-எக்ஸ் போன்ற மென்பொருள்கள் அந்தப் பதிவுகளில் உள்ள சிக்னல் பிழைகளைச் சீராக்கி, படத்தையும் ஒலியையும் பிரித்துக் கொடுத்தன. அடுத்து எதிர்த்திசை ஆசை வந்தது: கணினியில் உள்ளதைப் பெட்டிக்கு ஏற்ற வேண்டும். அதற்கு ஒரே வழிதான் இருந்தது. படம் எம்பெக்-2, அளவு 720×576, நொடிக்கு 25 பிரேம், ஒலி எம்பி2, எல்லாம் சேர்ந்து டிரான்ஸ்போர்ட் ஸ்ட்ரீம் என்ற அமைப்பில். ஒளிபரப்பு எந்த உருவில் வந்ததோ அந்த உருவில் கொடுத்தால், கோப்பு வானத்திலிருந்து வந்ததா கணினியிலிருந்து வந்ததா என்று பெட்டிக்கு அக்கறையில்லை.

இந்தியாவில் இதன் தொடர்ச்சி கொஞ்சம் சிக்கலானது. தூர்தர்ஷனின் இலவச டிடிஎச் சேவை 2004 டிசம்பரில் எம்பெக்-2இல் தொடங்கியது. 2006இல் வந்த டாடா ஸ்கையும் எம்பெக்-2தான். 2007 கடைசியில் வந்த சன் டைரக்ட் முதலிலிருந்தே எம்பெக்-4. ஆகவே ஒரே ஊரில், ஒரே தெருவில், இரண்டு தலைமுறைப் பெட்டிகள் பக்கத்துப் பக்கத்து வீடுகளில் இருந்தன. ஒரு வீட்டில் ஓடிய பென் டிரைவ் அடுத்த வீட்டில் ஓடாததற்கு வேறு மர்மம் தேவையில்லை.

'எம்பெக்-4 பாக்ஸ்' என்று அட்டையில் போட்டிருப்பதை நம்பி ஏமாறுவதும் இங்கே நடக்கிறது. ஒளிபரப்பில் அந்தப் பெயர் குறிப்பது 2003இல் தரப்படுத்தப்பட்ட எச்.264 முறையை. அதற்கு முன்னால் டிவ்எக்ஸ், எக்ஸ்விட் என்று சிடியில் படம் அடக்கப் பயன்பட்ட முறையும் எம்பெக்-4 குடும்பம்தான். ஆனால் அது வேறு பாகம், வேறு கணக்கு. எச்.264 தெரிந்த பெட்டிக்கு எக்ஸ்விட் தெரிந்திருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. பழைய ஏவிஐ கோப்புகள் பல பெட்டிகளில் மக்கர் செய்வதற்குக் காரணம் இதுதான்.

ஒரு வீடியோ கோப்பில் படம் ஒன்று, ஒலி ஒன்று, இரண்டையும் நேரம் பிசகாமல் சேர்த்துக் கட்டிய உறை ஒன்று. கோப்பின் பெயருக்குப் பின்னால் எம்கேவி, எம்பி4, ஏவிஐ என்று இருப்பது உறையை மட்டும் சொல்கிறது. உள்ளே இருப்பதைச் சொல்வதில்லை. உள்ளே என்ன என்று காட்ட மீடியாஇன்ஃபோ என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. எந்தக் கன்வர்ட்டரையும் தொடுவதற்கு முன் இதில் கோப்பைத் திறந்து பார்ப்பது என் கட்டாயமான பரிந்துரை. படம் எச்.264, எட்டு பிட், 1920×1080, லெவல் 4.0 அல்லது 4.1 என்று காட்டினால், எச்டி பெட்டி அந்தப் படத்தை எடுத்துக்கொள்ளும். அதைத் தொடக் கூடாது.

அப்படியும் ஓடவில்லை என்றால் உறையை மாற்றிப் பார்க்கலாம். ஒளிபரப்புப் பெட்டிக்குத் தாய்மொழி டிரான்ஸ்போர்ட் ஸ்ட்ரீம். 188 பைட் கொண்ட சிறு பொட்டலங்களின் வரிசை அது; ஒவ்வொரு பொட்டலமும் ஒரே அடையாள பைட்டில் தொடங்கும். மழையில் சிக்னல் அறுந்து திரும்ப வந்தாலும் அந்த அடையாளத்தைத் தேடிப் பிடித்துப் பெட்டி மறுபடி ஓடத் தொடங்கிவிடும். எம்கேவி உறையிலுள்ள எச்.264 படத்தை எடுத்து டிரான்ஸ்போர்ட் ஸ்ட்ரீமில் வைப்பது சில நிமிட வேலை. படத்தின் ஒரு புள்ளிகூட மாறாது. ஃபாப்ரிஸ் பெல்லார்ட் 2000இல் தொடங்கிய எஃப்எஃப்எம்பெக் இதை ஒரே வரிக் கட்டளையில் செய்யும். படம் 'காப்பி', ஒலி 'காப்பி' என்று சொல்லிவிட்டால் போதும். கட்டளை வரி பழக்கமில்லாதவர்களுக்கு டிஎஸ்மக்ஸர், ஏவிடெமக்ஸ் இருக்கின்றன.

பலரும் முதலில் போய் நிற்பது ஹேண்ட்பிரேக்கிடம். நல்ல மென்பொருள், இலவசம், முகப்பும் எளிது. ஆனால் ஒலியைத்தான் அது அப்படியே கடத்தும். படத்தை எப்போதும் மறுபடி சுருக்கும். டிரான்ஸ்போர்ட் ஸ்ட்ரீமாக எழுதவும் அதற்குத் தெரியாது. உறை மாற்றினால் போதும் என்கிற கோப்புக்கு ஹேண்ட்பிரேக் தவறான கருவி. காசு கொடுத்து வாங்கும் கன்வர்ட்டர்களைப் பற்றி ஒன்று சொல்லலாம்: அவற்றில் பலவற்றுக்குள்ளே ஓடுவது அதே எஃப்எஃப்எம்பெக்தான்.

படம் வந்து சத்தம் வராமல் போனால் காரணம் ஒலியின் வடிவம்தான். சினிமா கோப்புகளில் டிடிஎஸ் ஒலி நிறைய வரும். நம் தியேட்டர்களில் கொடிகட்டிப் பறந்த பெயர் அது. ஆனால் டிவி ஒளிபரப்பில் அதற்கு வழக்கமில்லை, ஆகவே பெட்டிக்கு அது தேவைப்படவில்லை. ஏசி-3 சில பெட்டிகளில் உண்டு, சிலவற்றில் இல்லை. ஏஏசி புதிய பெட்டிகளில் பெரும்பாலும் ஓடும். எல்லாப் பெட்டியிலும் நம்பக்கூடியது எம்பி2: ஸ்டீரியோ, 48 கிலோஹெர்ட்ஸ், நொடிக்கு 192 முதல் 256 கிலோபிட் வரை. படத்தைக் காப்பி செய்து ஒலியை மட்டும் எம்பி2 ஆக்கினால் வேலை முடிந்தது. ஆறு சேனல் ஒலியை இரண்டாக மடக்கும்போது வசனம் தாழ்ந்து பின்னணி இசை ஓங்கிவிடும். வசனம் இருப்பது நடுச் சேனலில். அதன் அளவைக் கூட்டச் சொல்லி மடக்கினால் வீட்டுப் பெரியவர்கள் ரிமோட்டும் கையுமாக உட்கார வேண்டியதில்லை.

பென் டிரைவின் அமைப்பு சின்ன விஷயம், ஆனால் நிறையப் பேரை அலைக்கழிக்கிறது. ஃபேட்32 எல்லாப் பெட்டிக்கும் தெரியும். ஆனால் அதில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது. நொடிக்கு 5 மெகாபிட் ஓடும் படம் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று முன்பே அந்த எல்லையைத் தொட்டுவிடும். பெட்டி என்டிஎஃப்எஸ் படிக்குமானால் அதற்கு மாறலாம். இல்லையென்றால் கோப்பை இரண்டாக வெட்டலாம். காப்பி முறையில் வெட்டினால் தரம் குறையாது.

இனிப் படத்தையே மாற்றியாக வேண்டிய இடங்கள். முதலாவது கைபேசி வீடியோ. 2017இல் ஐஓஎஸ் 11 வந்ததிலிருந்து ஐபோன்கள் எச்இவிசி முறையில் படம் பிடிக்கின்றன. பல ஆண்ட்ராய்டு கைபேசிகளிலும் அந்த வசதி உண்டு. 2013இல் தரப்படுத்தப்பட்ட எச்இவிசி நல்ல முறை, எச்.264இன் பாதி இடத்தில் ஏறக்குறைய அதே தரம் தரும். ஆனால் அதன் காப்புரிமைகள் ஒரே கையில் இல்லை. உரிமக் கட்டணம் வாங்கத் தனித்தனிக் கூட்டமைப்புகள் கிளம்பின. மலிவான பெட்டி செய்பவர் ஒளிபரப்பில் வராத ஒரு முறைக்குப் பல இடங்களில் காசு கட்ட முன்வருவதில்லை. எம்பெக்-2இன் கடைசி அமெரிக்கக் காப்புரிமை 2018 பிப்ரவரியில் காலாவதியாகிவிட்டது. ஏசி-3இன் காப்புரிமைகள் அதற்கு முந்தைய ஆண்டே முடிந்தன. ஒரு பெட்டிக்கு எது தெரியும், எது தெரியாது என்பதை சிப்பின் திறமையைப் போலவே இந்தக் கணக்கும் தீர்மானிக்கிறது.

கைபேசிக் கோப்பை மீடியாஇன்ஃபோவில் திறந்தால் இன்னும் இரண்டு சங்கதி தெரியும். ஒன்று, 'சுழற்சி 90' என்ற குறிப்பு. கைபேசியை நிமிர்த்திப் பிடித்து எடுத்தாலும் படம் படுக்கையாகவே பதிவாகிறது. திருப்பிக் காட்டு என்று ஒரு குறிப்பு மட்டும் கூட வைக்கப்படுகிறது. பெட்டிக்கு அந்தக் குறிப்பு புரியாது. பேத்தி நடந்து வரும் வீடியோவில் பேத்தி சுவர்மேல் நடப்பாள். மறுசுருக்கம் செய்யும்போது படத்தை உண்மையாகவே திருப்பிவிட வேண்டும். இரண்டாவது, பிரேம் வேகம் நிலையாக இருக்காது; வெளிச்சம் குறைந்தால் கைபேசி வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். சீரான வேகத்துக்குப் பழகிய பெட்டியில் சத்தமும் உதடும் மெல்ல மெல்ல விலகும். நிலையான 30 பிரேம் என்று கட்டாயப்படுத்தினால் சரியாகும். 25க்கு இறக்கச் சிலர் சொல்கிறார்கள். நான் அதை ஏற்கவில்லை. ஆறு பிரேமுக்கு ஒன்று வீதம் காணாமல் போனால் நடையும் கையசைவும் வெட்டி வெட்டித் தெரியும். பெட்டியின் மெனுவில் 60 ஹெர்ட்ஸ் இருந்தால் அதைத் தேர்ந்தெடுப்பது மேல்.

படத்தை மாற்ற வேண்டிய இரண்டாவது இடம், பெட்டியின் திறனுக்கு மீறிச் சுருக்கப்பட்ட எச்.264. லெவல் 4.1 என்ற வரம்பில் 1080 வரிப் படத்துக்கு நான்கு பிரேம்களைத்தான் ஒப்பீட்டுக்கு நினைவில் வைத்திருக்கலாம். இடத்தை மிச்சம் பிடிக்கப் பதினாறு வரை வைத்துச் சுருக்கிய கோப்புகள் உலவுகின்றன. பத்து பிட் கோப்புகளும் அப்படியே. கணினியில் அழகாக ஓடும். பெட்டியில் பச்சையும் சாம்பலுமாகச் சிதறும். இவற்றை எட்டு பிட், ஹை புரொஃபைல், லெவல் 4.0க்கு இறக்க வேண்டும். அப்போது கோப்பின் அளவைக் கட்டுப்படுத்தாமல் தரத்தைக் கட்டுப்படுத்தும் முறையைத் தேர்ந்தெடுக்கலாம். எச்.264 ஆகச் சுருக்கும் எக்ஸ்264 மென்பொருளில் 18 முதல் 20 வரையிலான தர எண் எனக்குத் திருப்தியானது. முழுப் பிரேம் ஒரு நொடிக்கோ இரண்டு நொடிக்கோ ஒருமுறை வரும்படி அமைக்க வேண்டும். எக்ஸ்264இன் வழக்கமான அமைப்பில் 250 பிரேம் வரை இடைவெளி விடும். ரிமோட்டில் முன்னோக்கி ஓட்டினால் படம் பத்து நொடி பத்து நொடியாகத் தாவும்.

மூன்றாவதும் நான் அதிகம் கவலைப்படுவதும் பழைய குடும்ப வீடியோக்கள்; ஆனால் இவை எல்லாவற்றுக்கும் படத்தை மாற்ற வேண்டியிருக்காது. தொண்ணூறுகளின் கடைசியிலும் இரண்டாயிரத்தின் முதல் பத்தாண்டிலும் தமிழ்நாட்டில் கல்யாணம், காதுகுத்து, சடங்கு எல்லாம் விசிடியாக வீடு வந்து சேர்ந்தன. வட்டைக் கணினியில் போட்டால் எம்பெக்ஏவி என்ற அடைவுக்குள் ஏவிசீக்01 என்ற பெயரில் ஒரு டாட் கோப்பு இருக்கும். பலர் அதன் பின்னொட்டை மாற்றிப் பென் டிரைவில் ஏற்றுகிறார்கள். சில பெட்டிகள் ஓட்டும், சில திணறும். விண்டோஸில் காப்பி செய்யும்போது அந்தக் கோப்பு வட்டின் பகுதிகளை முழுசாக, ஒவ்வொன்றும் 2352 பைட்டாக எடுத்து வருகிறது. அதில் படமும் ஒலியும் 2324 பைட்தான், மீதி வட்டின் நிர்வாகக் குறிப்பு. அதை உரித்துவிட்டால் உள்ளே சுத்தமான எம்பெக்-1 படம், 352×288. எம்பெக்-2 தெரிந்த சிப்புக்கு எம்பெக்-1 தெரியும். ஒலி மட்டும் 44.1 கிலோஹெர்ட்ஸ், ஒளிபரப்பு வழக்கப்படி 48 ஆக்கிவிட்டால் எந்தப் பெட்டியும் முகம் சுளிக்காது. படத்தை 1080க்குப் பெரிதாக்கித் தருகிறேன் என்னும் மென்பொருள்களுக்கு இங்கே வேலையில்லை. பெரிதாக்கும் வேலையை டிவி செய்துகொள்ளும். கோப்பில் செய்தால் இருக்கிற மங்கல்தான் பெரிய அளவில் உறையும்.

மினிடிவி கேசட்டிலிருந்து எடுத்தவை வேறு ரகம். ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 13 ஜிபி. அந்த வடிவம் பெட்டிகளுக்குத் தெரியாது. மாற்றித்தான் ஆக வேண்டும். அந்தக் காலத்துக் கேமரா ஒரு பிரேமை ஒரே தடவையில் பிடிப்பதில்லை. நொடிக்கு 50 தடவை, ஒரு முறை ஒற்றைப்படை வரிகள், மறுமுறை இரட்டைப்படை வரிகள் என்று பிடிக்கும். இரண்டுக்கும் நடுவே ஐம்பதில் ஒரு நொடி கழிந்திருக்கும். கணினித் திரையில் அசையும் கையின் விளிம்பு சீப்புப் பல்லாகத் தெரிவது இதனால்தான். அதைப் பார்த்துப் பயந்து இரண்டையும் கலந்து 25 ஆக்கிவிடுகிறார்கள். அசைவின் பாதி அங்கே போய்விடுகிறது. பெட்டியும் டிவியும் இந்த வரிப் படத்துக்கென்றே பிறந்தவை. அப்படியே வரிப் படமாக எம்பெக்-2இல், நொடிக்கு 8 மெகாபிட்டில் கொடுத்தால் கோலாட்டத்தின் வழுவழுப்பு அப்படியே வரும். ஒரு மணி நேரம் 4 ஜிபிக்குள் அடங்கியும் விடும். ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: மினிடிவி வடிவத்தில் கீழ்வரிகள் முதலில் வரும், டிவிடியிலும் ஒளிபரப்பிலும் பெரும்பாலும் மேல்வரிகள் முதலில். இந்த வரிசையைத் தவறாகக் குறித்துவிட்டால் அசையும் எல்லாமும் முன்னும் பின்னும் உதறும். படம் அசையாதபோது தெரியாது என்பதால், ஓட்டமோ ஆட்டமோ உள்ள ஓர் இடத்தைத்தான் சோதிக்க வேண்டும்.

24 பிரேமில் எடுத்த சினிமாவை 25இல் ஓட்டுவது தொலைக்காட்சியில் நெடுநாள் பழக்கம். 150 நிமிடப் படம் 144 நிமிடத்தில் முடியும், குரல் கொஞ்சம் கீச்சென்று ஏறும். இன்றைய பெட்டிகள் 24 பிரேமையும் ஏற்பதால் இந்த வித்தை இனி வேண்டாம்.

தமிழ் சப்டைட்டிலுக்கு மட்டும் தனியாக ஒரு தொல்லை. 'தெரு' என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். யூனிகோடில் தகரம் முதலில், கொம்பு பின்னால் என்றுதான் சேமிக்கப்படுகிறது. திரையில் கொம்பை முன்னால் கொண்டுவருவது காட்டும் கருவியின் பொறுப்பு. 'கோவில்' என்றால் ஒரே குறியை இரண்டாகப் பிரித்து, ககரத்துக்கு முன்னால் கொம்பும் பின்னால் காலும் போட வேண்டும். கணினியும் கைபேசியும் இதைச் செய்கின்றன. பெட்டிகள் பலவற்றில் இதற்கான நிரல் இல்லை; தமிழ் எழுத்துருவே இல்லாதவையும் உண்டு. விளைவு, கட்டங்கள் அல்லது கொம்பு இடம் மாறிய எழுத்துக்கூட்டம். எழுத்தைப் படத்தின் மேலேயே பதித்துவிடுவது எல்லோரும் சொல்லும் தீர்வு. அதற்குப் படம் முழுவதையும் மறுபடி சுருக்க வேண்டும். பிறகு வேண்டாம் என்றாலும் எடுக்க முடியாது. இன்னொரு வழி இருக்கிறது, அதைத்தான் நான் விரும்புகிறேன். டிஜிட்டல் ஒளிபரப்பில் சப்டைட்டில் எழுத்தாக இல்லாமல் சிறு சிறு படங்களாகப் போவதற்கு ஒரு தரம் உண்டு. சப்டைட்டில் எடிட் என்ற இலவச மென்பொருள் தமிழ் வரிகளைச் சரியான உருவில் படங்களாக்கித் தரும். எஃப்எஃப்எம்பெக் அவற்றை ஒளிபரப்பு சப்டைட்டிலாக மாற்றி டிரான்ஸ்போர்ட் ஸ்ட்ரீமில் சேர்க்கும். ஒளிபரப்பு சப்டைட்டிலைப் படிக்கத் தெரிந்த பெட்டி, அதில் இருப்பது தமிழா பிரெஞ்சா என்று பார்க்காமல் காட்டிவிடும். படம் தொடப்படவில்லை, ரிமோட்டில் அணைக்கவும் முடியும்.

கட்டணச் சேனல்களின் பதிவைக் கணினிக்குக் கொண்டுபோகும் கேள்வியும் அடிக்கடி வருகிறது. அந்தப் பதிவுகள் அந்தந்தப் பெட்டிக்கென்று பூட்டப்பட்டவை. வடிவம் மாற்றுவதால் திறக்காது. இலவசச் சேனல்களைப் பதிந்த கோப்புகள் பெரும்பாலும் வெறும் டிரான்ஸ்போர்ட் ஸ்ட்ரீம். அவை கணினியில் விஎல்சி பிளேயரில் நேராகவே ஓடும்.

இவ்வளவு எதற்கு, எல்லாக் கோப்பையும் ஓட்டும் ஆண்ட்ராய்டு பெட்டி ஒன்றை வாங்கிவிடலாமே என்று கேட்கலாம். புதிதாக வாங்குகிறவருக்கு அது சரியான யோசனை. டிவியின் சொந்த யுஎஸ்பி துளையே இன்று செட்டாப் பாக்ஸைவிட அதிகம் படிக்கிறது, முதலில் அதில் செருகிப் பார்க்கலாம். ஆனால் ஒரே ரிமோட்டும் நான்கைந்து பட்டனுமாகப் பழகிய அம்மா அப்பா இருக்கும் வீட்டில், இன்னொரு பெட்டியும் இன்னொரு மெனுவும் வந்தால் வீடியோ பார்ப்பதே நின்றுபோகும். அவர்களுக்குத் தெரிந்த பெட்டியில் ஓடும்படி கோப்பை மாற்றிக் கொடுப்பதுதான் மரியாதை.

மாற்றத் தொடங்கும் முன் அசல் கோப்பை இரண்டு இடங்களில் காப்பி செய்து ஒதுக்கி வைக்க வேண்டும். விசிடி வட்டுகள் ஆண்டுக்கு ஆண்டு கெட்டுக்கொண்டு வருவதால் அவற்றுக்கு இது இன்னும் அவசரம். பிறகு முழுப் படத்தையும் மாற்றிப் பார்த்து நேரத்தைச் செலவழிக்காமல், அசைவும் பேச்சும் உள்ள ஒரு நிமிடத் துண்டை வெட்டி எடுக்கலாம். அதை உறை மட்டும் மாற்றியது, உறையும் ஒலியும் மாற்றியது, எல்லாமே மாற்றியது என்று மூன்று விதமாகச் செய்து, பெயரில் 1, 2, 3 என்று குறித்து ஃபேட்32 பென் டிரைவில் ஏற்றிப் பெட்டியில் வரிசையாக ஓட்ட வேண்டும். முதலில் சரியாக ஓடுவது எதுவோ, முழுக் கோப்புக்கும் அந்த முறை.